கிறிஸ்தவத் தம்பதியருக்குத் தத்தெடுக்கும் உரிமை உண்டு, முத்திரைத்தாளை நம்பாதீர்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் வசிக்கும் கிறிஸ்தவத் தம்பதியர் நாங்கள். எனக்கு 43 வயது, மனைவிக்கு 41, குழந்தை இல்லை. கிறிஸ்தவர்கள் சட்டப்படி தத்தெடுக்க முடியாது என்றும், மருத்துவமனையில் சொல்லிக் குழந்தை வாங்கி முத்திரைத்தாளில் எழுதித் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா? சபையார் எங்களுக்கு எவ்வாறு உதவலாம்?

பதில்: நம்பக் கூடாது. முன்பணம் கொடுத்திருந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்து தத்தெடுப்புச் சட்டம் (1956) நமக்குப் பொருந்தாததால், 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி குழந்தைக்குப் பாதுகாவலராக மட்டுமே இருக்க முடிந்த காலம் ஒன்று இருந்தது. அப்படி வளர்த்த பிள்ளைக்கு வாரிசுரிமை கிடையாது. அந்தக் காலம் போய்விட்டது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி எம்மதத்தவரும் தத்தெடுக்கலாம். பெற்ற பிள்ளைக்குள்ள எல்லா உரிமையும் தத்தெடுத்த பிள்ளைக்கு உண்டு.

இடைத்தரகர் காட்டும் வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2019இல் ராசிபுரத்தில் அம்பலமான குழந்தை விற்பனையில் நம் பகுதியே பார்த்தது. வாங்கியவரின் பெயரிலேயே பிறப்புச் சான்றிதழ் எடுத்துத் தருவதாகச் சொல்வார்கள். அது உதவியல்ல, போலி ஆவணம். குழந்தையை விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் 5 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. பாசம் வைத்து வளர்த்த பிள்ளையைக் காவல்துறையினர் உங்கள் கையிலிருந்து வாங்கிக் காப்பகத்தில் சேர்க்கும் நாளை எண்ணிப் பாருங்கள். வளர்க்க இயலாத தாய், குழந்தையை மாவட்டத்தில் அரசு அமைத்துள்ள குழந்தைகள் நலக் குழுவிடம்தான் ஒப்படைக்க வேண்டும். மனம் மாறித் திரும்பப் பெற அவருக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. தரகர் பறிப்பது அந்த அவகாசத்தைத்தான்.

மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் (CARA) இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமானால் பதிவு செய்யும் நாளில் உங்கள் இருவர் வயதும் சேர்ந்து 85ஐத் தாண்டக் கூடாது. உங்களுக்கு இப்போது 84 என்பதால் தள்ளிப்போடாதீர்கள். அதன்பின் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. குழந்தை வீடு வந்த பிறகு மாவட்ட ஆட்சியர் இரண்டு மாதத்துக்குள் தத்தெடுப்பு ஆணை தர வேண்டும் என்று சட்டம் சொல்லியும் கோப்புகள் மேசையில் தூங்குகின்றன. இந்தத் தாமதம்தான் தரகர்களுக்குச் சோறு போடுகிறது என்பதை அதிகாரிகள் என்றைக்கு உணரப்போகிறார்களோ!

உறவுக்குள் எடுப்பது தனி வழி. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை ஆகியோரின் பிள்ளையை, கணவர் வழியானாலும் மனைவி வழியானாலும், எடுக்கலாம். தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளையை எடுக்கலாம். மேற்சொன்ன வயது வரம்பு இதற்கு இல்லை. ஆனால் சட்டம் 'உறவினர்' என்று ஏற்பது இவர்களை மட்டுமே. பெரியப்பா மகனின் பிள்ளை நமக்கு எவ்வளவு நெருக்கமானாலும் இதில் சேராது. சேரும் உறவிலும் பெற்றவர்களின் சம்மதமும், இணையப் பதிவும், ஆட்சியர் ஆணையும் வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிய தாளோ, ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோராக உங்கள் பெயரை எழுதுவதோ தத்தெடுப்பு ஆகாது.

சபையார் முதலில் செய்ய வேண்டியது, "தெரிந்த இடத்தில் குழந்தை இருக்கிறது" என்று ஆலயத்துக்குள்ளேயே பேசுவோரை அடக்குவதுதான். அடுத்தது வளர்ப்புப் பராமரிப்பு. காப்பகங்களில் ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைகளைத் தத்தெடுக்க முன்வருவோர் குறைவு. அவர்களைத் தற்காலிகமாக வீட்டில் வைத்து வளர்க்க விரும்பும் குடும்பங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். 2024ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள் தனியாக வாழ்வோரையும் அனுமதிக்கின்றன. அப்பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் இருக்கிறார்கள். ஆகையால் ஞானஸ்நானம் கொடுக்கும் எண்ணம் கூடவே கூடாது. அப்படி வளர்க்கும் வீட்டுக்குப் பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, இரண்டு நாள் ஓய்வெடுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் என்று சபை கைகொடுத்தால், பாதியில் சோர்ந்து பிள்ளையைத் திருப்பி அனுப்பும் நிலை வராது.