சின்ன துரைக்கு எந்த நாளில் விளக்கு வைப்பது?

கேள்வி: என் அம்மாயி ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் பங்களாவில் ஆயாவாக இருந்தார். துரை குடும்பம் சீமைக்குத் திரும்பியபோது தங்கள் மகனின் போட்டோவை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்களாம். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை, ஹிட்லர் சண்டையில் நீர்மூழ்கிக் கப்பலோடு போய்விட்டான் என்று சொல்லி வருஷா வருஷம் விளக்கு வைப்பார். எந்த நாள் என்று நான் கேட்டு வைக்கவில்லை. காலாண்டுப் பரீட்சை சமயம், சில வருஷம் செப்டம்பர், சில வருஷம் அக்டோபர். தொப்பியில் 'எச்.எம். சப்மரீன்ஸ்' என்று மட்டும் இருக்கிறது, படத்தின் பின்னால் முழுப் பெயர் இருக்கிறது. அவர் எந்தக் கப்பலில், எந்தத் தேதியில் இறந்தார் என்று தெரிந்துகொள்ள முடியுமா?
– வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: கப்பலைக் கண்டுபிடித்துவிடலாம் அம்மா. போர்க்காலத்தில் எதிரிக்குத் தெரியக்கூடாது என்று கப்பல் பெயரைத் தொப்பியில் போட மாட்டார்கள், அதனால் படத்தில் தேடிப் பயனில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அவர் பெயரை ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள், காசு கிடையாது. கல்லறையே இல்லாமல் கடலோடு போனவர்களும் அதில் உண்டு. அவர்கள் பெயர்களை போர்ட்ஸ்மவுத், பிளிமவுத், சாத்தம் நினைவுச்சின்னங்களில் பொறித்திருக்கிறார்கள். கப்பல் பெயர் பதிவிலேயே இருக்கும். சில பதிவுகளில் பெற்றோர் பெயரும் ஊரும்கூட உண்டு, ஒரே பெயரில் பலர் வந்தால் ஏற்காடு என்றோ சேர்வராயன் மலை என்றோ இருக்கிறதா பாருங்கள்.

தேதிதான் சிக்கல். மேலே ஓடும் கப்பல் மூழ்கினால் பார்த்தவர் யாராவது இருப்பார்கள், நீர்மூழ்கி போனால் பெரும்பாலும் சொல்ல ஒருவரும் மிஞ்சுவதில்லை. திரும்ப வேண்டிய நாளில் துறைமுகத்துக்கு வராது, வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் இருக்காது, அப்புறம் 'காணவில்லை' என்று வீட்டுக்குத் தந்தி போகும். நமக்குப் பக்கத்துத் திருகோணமலையிலிருந்து 1944 பிப்ரவரியில் கிளம்பிய ஸ்டோன்ஹெஞ்ச் அப்படித்தான் ஒருவர்கூட மிஞ்சாமல் போனது. சுமத்ராவுக்கும் நிக்கோபாருக்கும் நடுவே காவல் சுற்றப் போன கப்பல், மார்ச்சில் திரும்பியிருக்க வேண்டும், என்ன ஆனது என்பது இன்றுவரை தெரியாது. இப்படிப்பட்ட கப்பல்களுக்குப் பதிவில் இருக்கும் தேதி பல சமயம் கணக்குக்காகப் போட்டதுதான். உங்கள் சின்ன துரையின் கப்பலும் அப்படிப் போயிருந்தால், பெற்ற தாய்க்கே உண்மையான நாள் தெரிந்திருக்காது.

நீங்கள் சொன்ன காலாண்டுப் பரீட்சையிலேயே எனக்கு மனசு நின்றுவிட்டது. செப்டம்பருக்கும் அக்டோபருக்கும் மாறி மாறி வருவது புரட்டாசி மகாளய அமாவாசை. இறந்த திதி தெரியாதவர்களுக்கு நம் வீடுகளில் கும்பிடுகிற நாள் அது. அம்மாயி வேறு மதத்துப் பிள்ளை என்று பார்க்காமல், தன் வீட்டுப் பிள்ளைக்குச் செய்வதைத்தான் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அதே நாளில் நீங்களும் வையுங்கள்.

ஏற்காட்டு ஈரத்துக்குப் போட்டோ சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். செல்போனில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அசலைக் காய்ந்த இடத்தில் வையுங்கள். கப்பல் பெயர் கிடைத்ததும் ஒரு தாளில் எழுதி படத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள், அதில் அம்மாயியின் பெயரும் இருக்கட்டும்.