ஆண்கள் மட்டும் கூடும் ஜெபக்குழுவால் குடும்பத்துக்கும் மனதுக்கும் உண்மையில் பயன் உண்டா?

பயன் உண்டு. நான் இன்றைக்கு நடமாடிக்கொண்டிருப்பதில் அப்படி ஒரு குழுவுக்குப் பங்கு இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் சபையில் சில ஆண்கள் வாரம் ஒருநாள் தனியாகக் கூடி, வேதம் வாசித்து, சொந்த வாழ்க்கையைப் பேசி ஜெபிக்கிறார்கள், உங்களையும் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சர்ச்சிலேயே ஆண்கள் ஐக்கியம் இருக்கும்போது இது எதற்கு, வீட்டு விஷயத்தை வெளியில் பேசலாமா என்பது உங்கள் சந்தேகம். இதற்கு ஏற்கெனவே வந்திருக்கும் ஒரு பதிலில், இதெல்லாம் வேலை இல்லாத ஆண்கள் டீ குடிக்கும் கூட்டம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நீங்கள் கேட்ட விதத்தை வைத்துச் சொல்கிறேன். உங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஆராதனைக்குப் போகிறீர்கள். வாசலில் யாராவது “எப்படி இருக்கீங்க பிரதர்?” என்றால், “கர்த்தர் கிருபையால நல்லா இருக்கேன்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கிறீர்கள். வீட்டுக்குள் ஏதோ ஒன்று சரியில்லை, அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. நான் தப்பாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள், ஆனால் எல்லாம் சரியாக இருக்கிறவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்.

நான் மதுரைக்காரன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் குழு சனிக்கிழமை அதிகாலையில் அந்தப் பட்டறையில்தான் கூடுகிறது. ஷட்டரைப் பாதி தூக்கி வைத்து, கழற்றிப் போட்ட சப்மெர்சிபிள் மோட்டார்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் ஸ்டூல்களைப் போட்டால் இடம் தயார். முந்தின நாள் ஊற்றிய வார்னிஷ் வாசம் போயிருக்காது, பழகிவிட்டது. ஓய்வுபெற்ற கண்டக்டர் அண்ணன் ஒருவர், உதவிபெறும் பள்ளியில் வேலை பார்க்கும் வாத்தியார், ஆட்டோ ஓட்டும் தம்பி, வாடிப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அண்ணன், பாத்திரக்கடையில் இருக்கும் கத்தோலிக்க நண்பர். இவர்கள்தான் நிரந்தரம், மற்றவர்கள் வருவார்கள் போவார்கள்.

என் அப்பா பக்கவாதத்தில் விழுந்த வருஷத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வலது பக்கம் வராமல் போய், பேச்சும் குழறிவிட்டது. எங்கள் வீட்டில் வைத்துத்தான் பார்த்தோம். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் என் மனைவி. வெளியூரில் இருந்த கூடப்பிறந்தவர்கள் போனில் விசாரித்தார்கள், அதோடு சரி.

எனக்கு ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். நெஞ்சை அடைக்கும். இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று, இதயத்தில் ஒன்றும் இல்லை, கேஸ்தான் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். பகலில் பட்டறையில் உட்கார்ந்தால் கை ஓடும், மனசு ஓடாது. காயிலுக்கு எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே இருக்கும்போது எண்ணிக்கை நழுவிவிடும். அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து சுற்றுவேன். வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று. மனைவி என்னவென்று கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பேன். எனக்கே என்னவென்று தெரியாதபோது அவளிடம் எதைச் சொல்வது?

சபையில் சுகவீனர்களுக்காக ஜெபிக்கும்போது அப்பா பெயரை வாசித்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, படுத்திருப்பவர்தானே கண்ணுக்குத் தெரிவார். பட்டறைக்கு வரும் சில மோட்டார்கள் வெளியே பார்க்கப் பளிச்சென்று இருக்கும், உள்ளே இன்சுலேஷன் போயிருக்கும். இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நானும் அந்த நிலையில்தான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சோதனையைச் செய்தவர் கண்டக்டர் அண்ணன். ஒரு சனிக்கிழமை ஜெபக் குறிப்பு கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்ததும் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

“தம்பி, அப்பாவ விடு. நீ எப்படி இருக்க?”

“நல்லா இருக்கேண்ணே.”

“ராத்திரி எத்தன மணிக்கு முழிப்பு வருது?”

அப்படிக் குறிப்பாகக் கேட்டதும் மழுப்ப வரவில்லை. மூன்று மணி என்றேன். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. வைகைப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றதையும் சொன்னேன். அதை என் மனைவியிடம்கூட அதுவரை சொன்னதில்லை. யாரும் குறுக்கே பேசவில்லை, வசனம் சொல்லவில்லை. ஆட்டோக்காரத் தம்பி மட்டும் எழுந்துபோய், பாதி திறந்திருந்த ஷட்டரைச் சத்தமில்லாமல் கீழே இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

நான் பேசி முடித்த பிறகு வாத்தியார் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்தார். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி பெற்ற எலியா தீர்க்கதரிசி, அடுத்து வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். தூதன் அவரைக் கண்டிக்கவில்லை, விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். எலியா மறுபடி படுத்துக்கொள்கிறார். மறுபடி எழுப்பிச் சாப்பாடு. கர்த்தர் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு, ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். “மொதல்ல தூக்கமும் சாப்பாடும். அதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா போயிருவோம்” என்றார் வாத்தியார்.

திங்கட்கிழமை காலையில் கண்டக்டர் அண்ணன் என்னை ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனார். ஓ.பி. சீட்டு வாங்கியதிலிருந்து மாத்திரை வாங்கி வெளியே வந்தது வரை பக்கத்திலேயே இருந்தார். மனச்சோர்வு என்றார் டாக்டர். மாத்திரையின் பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும், கொஞ்சம் தேவலை என்று தோன்றியதும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். அன்று சாயங்காலமே என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணன் கேட்டுக்கொண்டதும் அது ஒன்றைத்தான்.

மற்றதைக் குழு பார்த்துக்கொண்டது. அப்பாவைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போவது ஆட்டோத் தம்பி பொறுப்பு. ஞாயிறு சாயங்காலம் வாடிப்பட்டி அண்ணன் வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். நானும் மனைவியும் வண்டியூர்த் தெப்பக்குளம் வரைக்கும் போய்ச் சுவரில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவோம். முதல் ஞாயிறே அவள் சொன்னாள்: “இன்னைக்குத்தான் முழுசா ஒரு மணி நேரம் எங்கிட்ட பேசியிருக்கீங்க.”

மாத்திரையால் சரியானதா, ஜெபத்தால் சரியானதா என்று யாராவது கேட்பீர்கள். இரண்டையும் விடவில்லை, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு விசுவாசம் குறைவு என்று நினைக்கிறவர்கள், தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பவுல் எழுதிய 1 தீமோத்தேயு 5:23ஐப் பாருங்கள். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது என் நிலைமை இருந்தால், சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி எந்நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.

சரி, வீட்டு விஷயத்தை வெளியில் பேசலாமா என்று கேட்டீர்களே. எங்கள் மனைவிமார்களுக்கும் இந்தப் பயம் இருந்தது. அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்தோம். தன்னைப் பற்றி மட்டும் பேச வேண்டும், மனைவியின் குறையைப் பேசக் கூடாது. “அவ இப்படிச் செஞ்சா” என்று ஒருவர் ஆரம்பித்தால் கண்டக்டர் அண்ணன் கையைத் தூக்கிவிடுவார். “அதுக்கு நீ என்ன சொன்ன? என்ன குரல்ல சொன்ன?” என்பார். அங்கே கேட்டது எதுவும் ஆயர் காதுக்கோ இன்னொரு வீட்டுக்கோ போகாது. எங்களுக்குள் கைமாத்து வாங்குவதும் கிடையாது, பணம் நடுவில் வந்தால் உண்மை பேச்சு நின்றுபோகும். எபேசியர் 5ஐ வைத்துக்கொண்டு ‘புருஷன் தலை’ என்று மிரட்டக் கற்றுக்கொடுக்கும் கூட்டம் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், அதே அதிகாரத்தில் கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்தது போல மனைவியில் அன்புகூரச் சொல்லும் 25ஆம் வசனத்தில்தான் நாங்கள் மாதக்கணக்கில் நின்றோம்.

மனதை ஒழுங்காக வைத்துக்கொள்வது பற்றி எங்களுக்குப் பெரிதாகக் கற்றுக்கொடுத்தவர் கத்தோலிக்க நண்பர். அவர்கள் பக்கம் ஆத்தும சோதனை என்று ஒரு பழக்கம் உண்டு. இயேசு சபை என்ற துறவற சபையை நிறுவிய இஞ்ஞாசியார் அந்தச் சபைக்காரர்களுக்கு விட்டுப்போனது. 1606இல் மதுரைக்கு வந்த, தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலியும் அந்தச் சபைதான். படுக்குமுன் அன்றைய நாளைக் காலையிலிருந்து மெதுவாக நினைத்துப் பார்த்து, முதலில் நன்றி, பிறகு எங்கே மனசு கெட்டது, நாளைக்கு என்ன செய்வது என்று கடவுள் முன்னால் வைப்பது. நாங்கள் ஆளுக்கொரு நோட்டு போட்டு இதைச் செய்கிறோம். கோபம் வந்த இடம், போனில் பார்க்கக் கூடாததைப் பார்த்த நேரம், எல்லாம் அதில் வரும். ஆட்டோத் தம்பி பத்து மணிக்குமேல் போனை அடுப்படி ஷெல்ஃபில் வைத்துவிட்டு வந்துவிடுகிறான். அவன் நோட்டைப் பார்த்து அவனே கண்டுபிடித்த வழி அது.

இது ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்த புது மோஸ்தர், சபையைப் பிரிக்கும் வேலை என்கிறவர்களும் உண்டு. மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738இலேயே இப்படிச் சின்னக் குழுக்களுக்கு விதி எழுதினார். வாரம் ஒருமுறை கூட வேண்டும், ஆண்கள் தனி, பெண்கள் தனி, ஒவ்வொருவரும் தன் உள்ளத்தின் நிலைமையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், ஜெப வீட்டுக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்க ஏற்பாடு செய்தார்கள். வசூலுக்குப் போனவர்கள் வீட்டுக்கு வீடு நடக்கும் கஷ்டங்களைக் கண்டு வந்து சொன்னார்கள். பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகள் அதிலிருந்துதான் வளர்ந்தன. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மெத்தடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். மதுரைப் பக்கத்து சபைகள் 1834இல் வந்த அமெரிக்கன் மிஷன் வழியில் வந்தவை என்றாலும், வெஸ்லி சொத்தும் நமக்குச் சேர்ந்ததுதான்.

சபையைப் பிரிப்பது எது என்று கேட்டால், எனக்குச் சொல்ல வேறு விஷயம் இருக்கிறது. தேர்தல். சபை நிர்வாகத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் தேர்தல் வந்தால் போதும், பத்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் முகம் பார்ப்பதில்லை. எங்கள் பட்டறைக்கே ஒருவர் வந்து, உங்க கையில எத்தன ஓட்டு இருக்கு என்று கேட்டார். அவரை அனுப்பிவிட்ட மறுவாரம், நாங்கள் ஏதோ அணி சேர்க்கிறோம் என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஜெபத்துக்கு வராத ஆண்கள் ஓட்டுப் பெட்டிக்கு வேன் வைத்து வருகிறார்கள். நற்கருணைக்கு முன்னால் பக்கத்தில் இருப்பவனோடு ஒப்புரவாகச் சொல்லிக்கொடுத்த சபையில், பதவிக்காக அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போவதைப் பார்க்க வயிறு எரிகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆண்கள் ஐக்கியத்தை நான் குறை சொல்லவில்லை. அறுப்பின் பண்டிகைக்குப் பந்தல் போடுவதும், அசனத்துக்குப் பரிமாறுவதும் ஊழியம்தான், நானும் செய்கிறேன். ஆனால் நாற்பது பேர் நடுவில் ஒருவன் மூன்று மணி விழிப்பைப் பற்றிப் பேச மாட்டான்.

நீங்கள் போவதாக இருந்தால் முதலில் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போங்கள், ஆயருக்கும் ஒரு வார்த்தை தெரியட்டும். இரண்டு மூன்று வாரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். ஒருவர் சொன்னது வெளியே வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் தயங்காமல் விலகிவிடுங்கள். அப்படி நல்ல குழு அமையாவிட்டால், நம்பிக்கையான ஒரே ஒரு ஆள் போதும், அவரோடு ஆரம்பியுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வைக்காதீர்கள், பாடகர் குழுப் பயிற்சி, கல்யாண வரவேற்பு என்று ஆள் வராது. அதிகாலை ஐந்தரை என்றால் வேலைக்குப் போகிறவர்களும் வந்துவிட்டுப் போகலாம்.