கிரிக்கெட் விதி மாற்றங்கள்: வடசென்னை நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

பெரம்பூர் பக்கம் சனி, ஞாயிறு மேட்ச்களுக்கு அம்பயராக நிற்கிறேன். வந்த விதிகள், வரலாம் என்று பேசப்படும் விதிகள் பற்றி நம் ஏரியா ஆட்கள் கேட்டவை இவை.

வியாசர்பாடி: அண்ணா, கேட்ச் பிடிக்கிறதுக்குள்ள பேட்ஸ்மேன்கள் கிராஸ் பண்ணிட்டா ஸ்டிரைக் யாருக்கு? போன வாரம் இதுக்கே பெரிய சண்டை.

புதிதாக வருபவருக்குத்தான் தம்பி, அடுத்த பந்தை ஆடுவது அவர்தான். 2022 அக்டோபரிலிருந்து விதி இப்படித்தான். ஓவரின் கடைசிப் பந்தாக இருந்தால் மட்டும் அடுத்த ஓவரை மற்றவர் ஆடுவார். கேட்ச் போகும் நேரத்தில் கிராஸ் ஆனதை யார் கவனிக்கிறார்கள்? ஒரே அம்பயர் நிற்கும் நம் மேட்ச்களுக்கு இது பெரிய நிம்மதி.

தண்டையார்பேட்டை: பந்து போடுறதுக்கு முன்னாடியே ஓடுற நான்-ஸ்டிரைக்கரை (பவுலர் பக்கம் நிக்கிற பேட்ஸ்மேனை) நான் ரன் அவுட் பண்ணேன். எங்க டீம் ஆளுங்களே திட்டுறாங்க. தப்பா சார்?

தப்பே இல்லை. 1947-ல் சிட்னியில் நம் இந்திய பவுலர் வினு மன்கட் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இப்படி அவுட்டாக்கினார்; அன்றிலிருந்து பழி எல்லாம் பவுலர் தலையில்தான். 2019 ஐபிஎல்லில் பட்லரை அவுட்டாக்கிய அஸ்வினையும் பேசாத பேச்சில்லை. அவர் செய்தது சரி என்று அன்றும் சொன்னேன். 2022-ல், கிரிக்கெட் விதிகளை எழுதும் லண்டன் கிளப்பான எம்சிசி இதை 'நியாயமற்ற ஆட்டம்' பிரிவிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் பிரிவில் சேர்த்துவிட்டது. இரண்டடி முன்னால் ஓடி ரன் திருடுபவரை விட்டுவிட்டு பவுலரை ஏன் திட்ட வேண்டும்? ஒன்று மட்டும் கவனி: வீசும் கை உச்சியைத் தாண்டிவிட்டால் அப்புறம் அவுட் கேட்க முடியாது.

ராயபுரம்: பவுண்டரிக்கு வெளியே குதிச்சுக் குதிச்சுப் பிடிக்கிற கேட்ச் இனிமே செல்லாதாமே?

வெளியே நின்று எகிறினால் ஒரு தடவைதான் பந்தைத் தொடலாம், இறங்குவது கோட்டுக்கு உள்ளேதான். பக்கத்து ஃபீல்டருக்குத் தட்டிவிட்டாலும் நீங்கள் உள்ளே வந்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து தட்டிவிட்டு, வெளியே போய், திரும்பி வந்து பிடிப்பது இன்னமும் செல்லும். 2023-ல் ஆஸ்திரேலியாவின் டி20 தொடரான பிக் பாஷில் மைக்கேல் நீசர் வெளியே எகிறித் தட்டிப் பிடித்த கேட்ச் இனி சிக்ஸர். நல்ல மாற்றம்.

கொருக்குப்பேட்டை: ஒன்டேயில ரெண்டு பந்து விஷயம் என்ன ஆச்சு?

2025-ல், சர்வதேச கிரிக்கெட்டை நடத்தும் ஐசிசி மாற்றியது. முதல் 34 ஓவருக்கு முனைக்கு ஒன்றாக இரண்டு பந்து. அப்புறம் அதில் ஒன்றை ஃபீல்டிங் டீம் எடுத்துக்கொண்டு கடைசிவரை வீசும். முன்பு 50-வது ஓவரிலும் பந்துக்கு 25 ஓவர் வயதுதான், இப்போது 33. பழைய பந்து வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளையும் ரிவர்ஸ் ஸ்விங்குக்கு வழி பிறக்கிறது. பவுலருக்கு ஏதாவது கொடுக்கும் மாற்றம் வருவதே அபூர்வம், அதனால் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

பெரம்பூர்: டெஸ்ட்டை நாலு நாளா குறைக்கலாம்னு சொல்றாங்களே, உங்க கருத்து?

வேண்டவே வேண்டாம். 1986-ல் நம் சேப்பாக்கத்தில் இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்ட் டை (இரு அணியும் சம ரன்) ஆனது ஐந்தாம் நாள் கடைசி ஓவரில். 2008-ல் இங்கிலாந்துக்கு எதிராக 387 ரன்னை இந்தியா துரத்தி முடித்ததும், சச்சின் சதம் அடித்ததும் அதே சேப்பாக்கத்தில், ஐந்தாம் நாள். பிட்ச் உடைந்து சுழலும் அந்த நாளை வெட்டினால், நம் ஊர் ஸ்பின்னர்களின் வேலையில் பாதி போய்விடும். ஒரு நாள் மழை வந்தால் மீதி மூன்று நாளில் எத்தனை டெஸ்ட் முடியும்?

காசிமேடு: இம்பாக்ட் ப்ளேயர் ரூலை நம்ம டோர்னமென்ட்ல வைக்கலாமாண்ணா?

வைக்காதீங்க. மேட்ச் நடுவே ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை இறக்கும் அந்த ரூல் 2023-ல் ஐபிஎல் தனக்காக வைத்துக்கொண்டது. ஆல்ரவுண்டர் பையன்களுக்கு வாய்ப்புக் குறையும். ஆள் கூடுதலாக வந்தால், டாஸுக்கு முன்பே டீமுக்கு 12 பேர் என்று இரு கேப்டன்களும் பேசிக்கொள்ளுங்கள்.