வயிற்றுப் பெருந்தமனி வீக்கமும் உள்ளே படியும் ரத்தக்கட்டியும்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு வயிற்றுப் பெருந்தமனி 4.6 செ.மீ. வீங்கியிருக்கிறது, உள்ளே ரத்தக்கட்டியும் இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் உள்ளது. டயருக்குள் ஒட்டுப் போட்டதுபோல அந்தக் கட்டி சுவரைத் தாங்காதா?

பதில்: அப்படி நம்பி இருந்துவிடாதீர்கள். அந்த இடத்தில் தமனியின் இயல்பான அகலம் சுமார் 2 செ.மீ.; 3 செ.மீ. ஆனாலே அனியூரிசம், அதாவது தமனி வீக்கம்தான். வீங்கிய பகுதியில் ரத்தம் சுழன்று மெதுவாக ஓடுவதால் கட்டி படிவது சகஜம். சுவரின் மேல் விழும் இழுவிசையை அது ஓரளவு குறைப்பதாகக் கணினிக் கணக்குகள் காட்டுவது உண்மை. ஆனால் அறுவையின்போது கட்டிக்குள்ளேயே அளந்து பார்த்ததில், ஓடும் ரத்தத்தின் அழுத்தம் அங்கும் அப்படியே இருந்தது. போதாததற்கு, கட்டி சுவரைப் பலவீனமாக்கவும் கூடும்.

கேள்வி: உறைந்துபோன ரத்தம் எப்படிச் சுவரைப் பலவீனமாக்கும்?

பதில்: இரண்டு வழிகளில். முதலாவது, ஆக்சிஜன் தட்டுப்பாடு. சிறுநீரகத்துக்குக் கீழே உள்ள பெருந்தமனியில், வெளியிலிருந்து சுவருக்குள் நுழையும் நுண்குழாய்கள் குறைவு. சுவரின் உட்பகுதிக்கு ஓடும் ரத்தத்திலிருந்துதான் ஆக்சிஜன் ஊறி வர வேண்டும். நடுவில் கட்டி தடித்தால் அது எட்டாது. 2001-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஆய்வாளர் டேவிட் வோர்ப் குழுவினர் சுவரின் ஆக்சிஜனை அளந்தார்கள், சுவர்த்துண்டுகளை இழுத்தும் சோதித்தார்கள். தடித்த கட்டிக்குப் பின்னால் இருந்த சுவரில் ஆக்சிஜனும் குறைவு, பலமும் குறைவு.

இரண்டாவதுதான் பலருக்குத் தெரியாதது: கட்டி சும்மா கிடப்பதில்லை. ரத்தத்தைத் தொடும் அதன் உள்முகம் புதிதாகப் படிந்துகொண்டே இருக்கும். அங்கே சிக்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் எலாஸ்டேஸ், எம்.எம்.பி-8, எம்.எம்.பி-9 போன்ற, சுவரின் புரதங்களை அரிக்கும் நொதிகளை வெளிவிடும். கட்டி கரையும்போது செயல்படும் பிளாஸ்மின், தூங்கிக்கிடக்கும் எம்.எம்.பி.க்களை எழுப்பிவிடும். கட்டிக்குள் உள்ள நுண்கால்வாய்கள் வழியே இவை சுவர்வரை போகும். சுவருக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் சிதைந்தால் தமனி விரியும். உறுதி தரும் கொலாஜனும் போனால் வெடிக்கும்.

கேள்வி: அப்படியானால் மருந்து கொடுத்துக் கட்டியைக் கட்டுப்படுத்தலாமே?

பதில்: முயன்றார்கள், பலிக்கவில்லை. தட்டணுக்களைத் தடுக்கும் டிகாக்ரெலாரை ஓராண்டு கொடுத்தும், எம்.எம்.பி.யை அடக்கும் டாக்ஸிசைக்ளினை 100 மி.கி. வீதம் தினமும் இருவேளை 2 ஆண்டு கொடுத்தும் வீக்கத்தின் வளர்ச்சி குறையவில்லை. இரண்டு முடிவுகளும் 2020-ல் வந்தவை. ஆஸ்பிரின் எழுதித் தந்தால் அது மாரடைப்பைத் தடுக்க, நிறுத்தாதீர்கள். சிகரெட்டை மட்டும் இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: சிலருக்கு ஆஞ்சியோவில் 3 செ.மீ., அல்ட்ராசவுண்டில் 5 செ.மீ. என்று வருகிறதே, எதை நம்புவது?

பதில்: அல்ட்ராசவுண்டை. ஆஞ்சியோகிராம் ரத்தம் ஓடும் பாதையை மட்டுமே காட்டும். கட்டியையும் சேர்த்துச் சுவருக்குச் சுவர் அளப்பதே சரியான அளவு. விளிம்பை எங்கே வைத்து அளக்கிறார்கள் என்பதில் சில மில்லிமீட்டர் மாறும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கட்டி தடிமனாக இருந்தால் சீக்கிரமே ஆபரேஷன் செய்ய வேண்டுமா?

பதில்: தடிமனை மட்டும் வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. வீக்கம் பெருகப் பெருகக் கட்டியும் தடிப்பதால், எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது கடினம். ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 செ.மீ. என்பதே பொதுவான எல்லை. ஆண்களுக்கு 4 முதல் 4.9 வரை ஆண்டுக்கொரு ஸ்கேன், அதற்கு மேல் 5.5 எட்டும்வரை ஆறு மாதத்துக்கொன்று.

ஆனால் கான்ட்ராஸ்ட் என்ற சாய மருந்து போடாத சி.டி.யில் கட்டிக்குள் பிறை வடிவில் வெண்மை தெரிந்தால், புது ரத்தம் உள்ளே நுழைகிறது என்று பொருள். அதற்கோ, திடீர் வயிற்றுவலி, முதுகுவலி, மயக்கத்துக்கோ அடுத்த ஸ்கேன்வரை காத்திருக்கக் கூடாது. ரத்தநாள அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். கால்விரல் திடீரென நீலம் பாய்ந்தாலும் தாமதிக்காதீர்கள், கட்டியின் துணுக்கு உடைந்து போய் அடைத்திருக்கலாம்.