மானாவாரி நிலத்தில் வரப்பு போட்டால் மண்வளம் கூடுமா?

காரைக்குடிப் பக்கம் சரிவான செம்மண் மானாவாரி, குறுக்கே மண்வரப்பு போட்டால் உரச்செலவு குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரப்பு புதிதாகச் சத்து எதையும் தராது. இருப்பதை ஓடவிடாமல் பிடிக்கும். அதுவே பெரிய காரியம். ஐப்பசி மழையில் முதலில் கரைந்து போவது மேல்மண்ணில் இருக்கும் மக்கு (மக்கிய இலைதழை), நுண்ணிய களித்துகள் இரண்டும்தான். மணிச்சத்து (பாஸ்பரஸ்) பெரும்பாலும் அவற்றில்தான் ஒட்டியிருக்கும். கண்மாய்க்குப் போய் வண்டலான பிறகு அதையே டிராக்டர் வைத்து அள்ளி வருகிறோம், வேடிக்கைதான்!

ஆனால் வளம் வயல் முழுக்கச் சீராக உயராது. மழை விட்டதும் மேட்டுப்பக்க வரப்போரம் பாருங்கள்: வழவழவென்று வண்டல் படிந்து, காய்ந்தால் ஓடு ஓடாக வெடித்திருக்கும். அங்கே பயிர் கருகருவென நிற்கும். வரப்புக்கு மண் வெட்டிய இடமோ சரளை தெரிய மொட்டையாகக் கிடக்கும். தொழுவுரம், கொழிஞ்சித் தழையுரம் எல்லாம் முதலில் அங்கே போடுங்கள்.

ஈரம் தங்குவதால் போட்ட உரம் பயிருக்குச் சேரும். மண்ணில் மக்கு அதிகமாகச் சில வருஷமாகும். முதல் சாகுபடிப் பட்டத்திலேயே உரத்தைக் குறைத்துவிடாதீர்கள். ஓரத்தில் கல் பாவி வடிகால் அவசியம். தண்ணீர் கட்டி நின்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றில் போகும், வரப்பும் உடையும்.