எலும்பு பத்தி வந்த கேள்விகள்

கே: மகன் பாலே குடிக்கிறானில்ல, எலும்பு பலவீனமாகிருமா? (களுவாஞ்சிகுடி)

குடிக்காட்டி விடுங்க. நம்மட ஊர் எருமைத் தயிர் ஒரு கப்புல 300 மில்லிகிராமுக்கு மேல கல்சியம் இருக்கு, நெத்தலிய முள்ளோட சாப்பிடப் பழக்குங்க, பின்னேரத்துல குரக்கன் ரொட்டி குடுங்க. 9 வயசுல இருந்து 18 மட்டும் ஒரு நாளைக்கு 1300 அளவுல வேணும். பசளியக் கணக்குல எடுக்காதீங்க, அதுல உள்ள ஒக்சலேட் கல்சியத்த உடம்புல சேர விடாது.

கே: புள்ளைக்கு எந்தக் கல்சியம் குளிசை நல்லம்? (கல்முனை)

எத்தின வயசுப் புள்ள, என்ன சாப்பிடுது, ஏதும் வருத்தம் இருக்கா, ஒன்டுமே எழுதல்ல, நான் என்னத்தச் சொல்ற? டொக்டர் சொல்லாம குளிசை வாங்கிக் குடுக்காதீங்க.

கே: மகள் போன மாசம் பெரியபிள்ளை ஆனவ. ஓடினா கர்ப்பப்பை இறங்கிருமாம், நெட்போல் வேணாமென்டு மாமி சொல்றா. (வாழைச்சேனை)

அப்பிடி ஒன்டும் இறங்காது தங்கச்சி. இதப் பத்தி எழுதி எழுதி எனக்குக் கை ஓஞ்சு போச்சு. புள்ள மளமளவென்டு வளர்ற அந்த ரெண்டு வருசத்துலதான் பெரிய ஆளானா இருக்கிற எலும்புல கால்வாசி சேருது, நாம சரியா அந்த நேரம் பார்த்து மைதானத்துக்குப் போகாத என்டு உள்ளுக்கு வச்சிர்ற, மிச்ச நேரத்த டியூசன் எடுத்துக்கும், விடிய இருட்டோட போய் இருட்டினாப்புறம் வாற புள்ளைக்கு வெயிலும் இல்ல விற்றமின் டியும் இல்ல. சும்மா இருக்கிற எலும்பு உரமாகாது, குதிச்சு ஓடி அதுல பாரம் விழணும். 18 வயசுக்குள்ள 90 வீதம் சேர்ந்து முடிஞ்சிரும், பிறகு அழுது பிரயோசனமில்ல. தடுக்கி விழுந்து இடுப்பு முறிஞ்சு வாற அம்மம்மாமாரப் பார்க்கக்குள்ள எனக்கு இந்தப் புள்ளைகள்ற ஞாபகம்தான் வாற. நெட்போல், எல்லே, கிளித்தட்டு எதையும் நிப்பாட்டாதீங்க, வெளிய விட ஏலாட்டி முத்தத்துலயாவது கயிறடிக்கட்டும். மாமிக்கும் இத வாசிச்சுக் காட்டுங்க.

கே: வயசு 16, ஜிம்முக்குப் போனா உயரம் நிண்டிருமா? (அக்கரைப்பற்று)

நிக்காது தம்பி. பழக்கித்தர ஒரு ஆள் இருக்கணும், எடுத்த உடனே பெரிய பாரம் தூக்காதீங்க. குளிசை, பவுடர் ஒன்டும் வேணாம்.

கே: மகன் ஒவ்வொரு நாளும் நீந்துறான், அது காணுமா? (கல்லடி)

நெஞ்சுக்கும் தசைக்கும் நல்லம், எலும்புக்குக் காணாது. உடம்புப் பாரத்தத் தண்ணி தாங்கிருது. நீந்தி முடிஞ்சாப்புறம் கடற்கரை மணல்ல அரை மணித்தியாலம் ஓட விடுங்க.