வாசகர் கேள்வி–பதில்: கிரேக்கச் சாடியின் கறுப்பு மையா, மண்ணா?

பழைய கிரேக்கச் சாடிகளில் மினுங்கும் கறுப்பு என்ன மை? எங்கள் ஊர்ச் சூளையிலும் அப்படி எடுக்கலாமா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

மையே இல்லை. சாடி வனைந்த அதே களிதான். களியை நிறையத் தண்ணீரில் கரைத்துப் பருமண் படியவிட்டு, மேலே நிற்கும் நுண்ணிய கூழை மட்டும் இறுத்து வற்றவைத்துப் பூசினார்கள். இன்று செய்பவர்கள் மண் நன்றாகப் பிரிய, கரைசலில் சிறிது சாம்பற்காரமும் சேர்ப்பதுண்டு.

மற்றதெல்லாம் நெருப்பின் வேலை. காற்றுவழி திறந்து சுமார் 800 பாகை செல்சியஸ் வரை சுட்டால் சாடி முழுக்கச் சிவக்கும். பிறகு வழியை அடைத்துப் பச்சை விறகு போட்டு 900 பாகைக்கு மேலே ஏற்றினால் எல்லாம் கறுக்கும். பூசிய கூழ் மட்டும் கண்ணாடிபோல உருகி இறுகும். சூடு இறங்கும்போது மறுபடி காற்றை விட்டால், பூசாத இடம் ஒட்சிசனை இழுத்துச் சிவக்கும். இறுகிய கூழுக்குள் காற்று புகாது, கறுப்பு நிற்கும்.

இரண்டாங்கட்டத்தில் சூடு குறைந்தால் கூழ் இறுகாது. கடைசியில் அதுவும் சிவந்துவிடும். பூச்சு மெல்லிதானால் கபில நிறம். கிண்ணங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியதால் நடுவில் செவ்வட்டம் விழுந்தவை நூதனசாலைகளிலேயே உண்டு. வைக்கோல் மூடிச் சுடும் திறந்த சூளையில் காற்றை அடைக்க முடியாது. மூடிய சூளை வேண்டும். முதலில் ஓட்டுத்துண்டொன்றில் தடவிச் சுட்டுப் பாருங்கள்.

சாடிப் படத்தில் யார் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, பாண்டிருப்பு

கூத்துக் களரியில் கதாயுதத்தைக் கண்டதும் வீமன் என்கிறோமே, அதே வழிதான். சிங்கத்தோலும் தண்டாயுதமும் என்றால் கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ். தலைக்கவசம், ஈட்டி, பாம்பு விளிம்பு வைத்த மார்புப் போர்வை என்றால் போர்த்தெய்வம் அதீனா. திரிசூலம் கடல் தெய்வம் பொசைடனுக்கு.

பல சாடிகளில் பெயரே எழுதியிருக்கும். வத்திக்கானில் உள்ள, ஏதென்ஸ் சாடி ஓவியர் எக்ஸீக்கியாஸின் சாடியை (கி.மு. 540–530 அளவில்) உற்றுப் பாருங்கள்: துரோயப் போர் வீரர்களான அக்கிலீஸும் ஏஜாக்ஸும் குனிந்து காய் ஆடுகிறார்கள். அக்கிலீஸின் வாயருகே ‘நான்கு’, ஏஜாக்ஸின் வாயருகே ‘மூன்று’ என்று, ஆட்டத்தில் அவர்கள் சொல்லும் எண், கிரேக்கத்தில் எழுத்து. ஆட்டத்திலும் ஈட்டியைக் கைவிடவில்லை. போர்வையின் பூவேலை முழுவதும் கறுப்பின்மேல் ஊசியால் கீறியது. இவ்வளவு பொறுமையான கை வேறெந்தச் சாடியிலும் அரிது.

சில சாடிகளில் உருவம் சிவப்பு, பின்னணி கறுப்பு. ஏன்?
– வாசகர், அக்கரைப்பற்று

கி.மு. 530–520 அளவில் ஏதென்ஸில் முறையைத் தலைகீழாக்கினார்கள்: பின்னணிக்குக் கூழ் பூசி, உருவத்தை வெறுமண்ணாக விட்டார்கள். கீறுவதற்குப் பதில் தூரிகைக் கோடு வந்ததால் தசையும் துணிமடிப்பும் இளகின. பழைய கறுப்புருவ முறையில் பெண்களின் மேனிக்குக் கறுப்பின்மேல் வெள்ளைக் களி பூசுவார்கள். அது பிடிமானம் குறைந்து உதிர்ந்துவிடும். பல சாடிகளில் பெண்முகம் இன்று கறுப்பாகத் தெரிவது அதனால்தான்.